பனியில மறைஞ்ச கோடு: 1892 பிடில் – லிவிங்ஸ்டன் மேட்ச், ஒரு நிகழ்வு ஆய்வு

1892 டிசம்பர் 27. கிறிஸ்துமஸ் முடிஞ்சு ரெண்டாவது நாள். அமெரிக்காவுல நார்த் கரோலினா மாநிலத்துல சாலிஸ்பரின்னு ஒரு ஊரு, அங்க லிவிங்ஸ்டன் காலேஜோட முன்பக்க புல்வெளி, மேல பூரா பனி. ரெண்டு டீம் மோதுது. பிடில் டீம் கைல இருந்து பந்து நழுவுது, லிவிங்ஸ்டன் பையன் டபிள்யூ.ஜே. டிரென்ட் அத அள்ளிக்கிட்டு ஓடி எதிராளியோட கடைசிக் கோட்டத் தாண்டிட்டான். லிவிங்ஸ்டனுக்கு அன்னைக்குக் கிடைச்ச ஒரே டச்டவுன். ஆனா பிடில் பசங்க உடனே கத்துறாங்க, அவன் பந்த எடுத்ததே கோட்டுக்கு வெளியதான், செல்லாதுன்னு. சரி, கோடு எங்கன்னு பாத்தா கோட்டையே காணோம், பனி மூடிருச்சு. ரெஃப்ரீ பிடில் பக்கம் தீர்ப்பு சொல்லிட்டாரு. மேட்ச் 5-0, பிடில் ஜெயிச்சாச்சு.

ரெண்டு கறுப்பினக் காலேஜுகளுக்கு நடுவுல நடந்த முதல் ஃபுட்பால் மேட்ச்னு பதிவாகி இருக்கிறது இதுதான். அந்த முதல் மேட்சே இப்படி ஒரு பஞ்சாயத்துல முடிஞ்சிருக்குங்கிறது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். எச்பிசியுன்னு சொல்ற அமெரிக்கக் கறுப்பினக் காலேஜுகளோட ஃபுட்பால் கதைய எங்க எடுத்தாலும் முதல் வரில இந்தத் தேதியும் இந்த ஸ்கோரும் இருக்கும், அதோட அடுத்த பத்திக்குப் போயிருவாங்க. நான் அந்த முதல் வரிலயே உக்காந்துக்கப் போறேன், ஏன்னா அதுக்குள்ள நோண்டுறதுக்கு நிறைய இருக்கு. காசு யாரு போட்டா, டிரெஸ் யாரு தைச்சா, தீர்ப்பு சொன்னது யாரு, அந்த 5ங்கிற நம்பர் எப்படி வந்துச்சு, கதைய நமக்கு சொன்னது யாரு.

முன்னாடியே சொல்லிடுறேன், இது கால்ல உதைக்கிற ஃபுட்பால் இல்ல. முட்டை மாதிரி நீள பந்த கைல கட்டிப் பிடிச்சுக்கிட்டு முட்டி மோதி ஓடுற அமெரிக்கன் ஃபுட்பால். ஆனா 1892ல ஆடினதுக்கும் இன்னைக்கு டிவில வர்றதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு, அதுக்கு அப்புறம் வர்றேன்.

முதல்ல ரெண்டு காலேஜும் யாருன்னு பாத்துருவோம்.

பிடில் இருந்தது ஷார்லட் ஊர்ல. உள்நாட்டுப் போர் முடிஞ்சு ரெண்டு வருஷத்துல, 1867ல, அடிமைத்தனத்துல இருந்து விடுதலையான ஆண்களைப் போதகர்களாவும் வாத்தியார்களாவும் ஆக்குறதுக்கு பிரஸ்பிடேரியன் சர்ச்காரங்க ஆரம்பிச்சது. போர்ல செத்துப்போன மேஜர் ஹென்றி பிடில்ங்கிறவரோட மனைவி மேரி பிடில் 1,400 டாலர் குடுத்தாங்க, அதனால அவரு பேர வச்சுட்டாங்க. (பின்னாடி 1923ல இன்னொரு அம்மா, ஜேன் பெர்ரி ஸ்மித், பெரிய நன்கொடை குடுக்க அவங்க வீட்டுக்காரர் பேர்ல ஜான்சன் சி. ஸ்மித் யுனிவர்சிட்டின்னு மாறிருச்சு, இன்னைக்கும் அதான் பேரு. ரெண்டு தடவயும் விதவை ஒருத்தங்க காசு குடுக்க, இறந்த கணவர் பேரு மேல ஏறுது.) 1891 வரைக்கும் அங்க தலைமைல வெள்ளைக்காரங்கதான். அந்த வருஷம்தான் அடிமையா பிறந்து படிச்சு மேல வந்த டேனியல் ஜே. சாண்டர்ஸ் முதல் கறுப்பினத் தலைவரா வந்தாரு. மேட்சுக்கு ஒரே ஒரு வருஷம் முன்னாடி.

லிவிங்ஸ்டன் வேற ரகம். அது ஏஎம்இ சயன்னு சொல்ற, கறுப்பின மக்களே நடத்துற சர்ச்சோட காலேஜ். 1879ல கான்கார்ட்ல சயன் வெஸ்லி இன்ஸ்டிடியூட்னு சின்னதா ஆரம்பிச்சு 1882ல சாலிஸ்பரிக்கு வந்து, ஆப்பிரிக்கா போன டேவிட் லிவிங்ஸ்டன் பேர 1887ல வச்சுக்கிட்டாங்க. தலைவர் ஜோசப் சார்லஸ் பிரைஸ், அந்தக் காலத்துல மேடைல நின்னு பேசினா அவர அடிச்சுக்க ஆளில்லன்னு பேரு. இங்கிலாந்து போய் கூட்டம் கூட்டமா பேசி 10,000 டாலர் கிட்ட திரட்டிட்டு வந்தவரு. சாலிஸ்பரில அவங்க வாங்கினது டெல்டா குரோவ்னு பேரு உள்ள சுமாரு 40 ஏக்கர் பண்ணை நிலம். மேட்ச் நடந்ததும் அந்த டெல்டா குரோவ்லதான், ஸ்டேடியம் எல்லாம் எங்க, பண்ணையா இருந்த இடத்துல கோடு போட்டு ஆடினாங்க, அவ்ளோதான்.

ரெண்டு ஊருக்கும் நடுவுல 40 மைல் இருக்கும், ரயில் தடம் இருந்துச்சு. பக்கத்து ஊரு, ரெண்டும் சர்ச் காலேஜ், ரெண்டும் வாத்தியாரும் போதகரும் உருவாக்குறவங்க. போட்டி வராம இருந்தாத்தான் ஆச்சரியம்.

இதுல இன்னொண்ணையும் கவனிக்கணும். நார்த் கரோலினாவுல வெள்ளைக்காரக் காலேஜுகளே ஃபுட்பால் ஆட ஆரம்பிச்சது 1888லதான், வேக் ஃபாரஸ்ட்டும் மாநில யுனிவர்சிட்டியும் ராலீ ஊர்ல மோதினது. டிரினிட்டி காலேஜுக்கு (இன்னைக்கு டியூக்) யேல்ல படிச்ச க்ரோவெல்னு ஒரு தலைவர் வந்து, அவரு மூலமா ஆட்டம் உள்ள வந்துச்சு. அதாவது நாலே வருஷ இடைவெளி. கறுப்பினக் காலேஜுகள் ரொம்பப் பின்தங்கி வந்து சேந்துக்கிச்சுன்னு ஒரு நினைப்பு பல பேருக்கு இருக்கு, தேதிய வச்சுப் பாத்தா அது நிக்காது. அந்தப் பக்கமும் அப்பதான் நடை பழகிக்கிட்டு இருந்தாங்க.

காசு, துணி, ஷூ

இந்தக் கேஸ்ல எனக்கு ரொம்ப முக்கியமாப் படுறது இந்தப் பகுதிதான், அதனால கொஞ்சம் நிதானமா போவோம்.

பிடில் பசங்க ரெண்டு வருஷமா ஆட்டத்தப் படிச்சு பயிற்சி பண்ணிட்டு இருந்திருக்காங்க, வெளிய யார்கூடயும் ஆடல. 1892ல தான் தைரியம் வந்து லிவிங்ஸ்டனுக்கு சவால் அனுப்புறாங்க. லிவிங்ஸ்டன் டீம் உருவானதே அந்த வருஷம் இலையுதிர் காலத்துலதான். ஒரு பக்கம் ரெண்டு வருஷ பயிற்சி, இன்னொரு பக்கம் சில மாசம். அப்படி இருந்தும் ஒரே ஒரு ஸ்கோர்லதான் தோத்தாங்கன்னா லிவிங்ஸ்டன் பசங்கள பாராட்டத்தான் வேணும்.

லிவிங்ஸ்டன் பசங்ககிட்ட பந்து கூட இல்ல. கேப்டன் ஜே.டபிள்யூ. வாக்கர், மேனேஜர் நம்ம டிரென்ட்டேதான். ஆளாளுக்குக் கைக்காசு போட்டு ஸ்பால்டிங் கம்பெனில இருந்து முறையான பந்து ஒண்ணு வாங்குனாங்க. ஒண்ணே ஒண்ணு. காலேஜ் நிர்வாகம் விளையாட்டுக்குன்னு பணம் ஒதுக்கி, கோச் போட்டு, அப்புறம் டீம் வந்துச்சுன்னு இன்னைக்கு நெனைக்கிற வரிசை அங்க தலைகீழ். முதல்ல பசங்க, அப்புறம் பந்து, கோச்சுன்னு சம்பளம் வாங்குற ஒரு ஆளு அந்தக் கதைலயே கிடையாது.

யூனிஃபார்ம்? டக்னு சொல்ற கெட்டியான வெள்ளைப் பருத்தித் துணி, பாய்மரத்துக்கும் கூடாரத்துக்கும் எடுக்கிற ரகம், அதுல தைச்சது. தைச்சது யாருன்னா லிவிங்ஸ்டன்ல தொழில் பிரிவுல தையல் கத்துக்கிட்டு இருந்த பொண்ணுங்க. லிவிங்ஸ்டன் ஆரம்பத்துல இருந்தே ஆணும் பொண்ணும் சேந்து படிக்கிற இடம், பிடில்ல 1932 வரைக்கும் பொண்ணுங்களுக்கு இடமே கிடையாது. அந்தக் காலக் கறுப்பினக் காலேஜுகள்ல தொழில் பிரிவுன்னா சும்மா பாடம் இல்ல, காலேஜ் ஓடுறதே அதனாலதான், துவைக்கிறது தைக்கிறது சமைக்கிறது தச்சு வேல செங்கல் அடுக்குறது எல்லாம் மாணவர்கள் கைதான். அதே கைதான் முதல் டீமுக்கும் உடுப்பு போட்டு விட்டுருக்கு. ஆனா பாருங்க, லிவிங்ஸ்டன் பதினோரு பேரோட பேரும் பட்டியலா இருக்கு, தைச்ச பொண்ணுங்க பேரு ஒண்ணு கூட எந்தப் பட்டியல்லயும் வரல.

ஷூ கதை இன்னும் அழகு. தனியா ஃபுட்பால் ஷூ வாங்க வழி இல்ல, தினமும் போட்டுக்கிட்டு கிளாசுக்குப் போற அதே ஷூவுக்கு அடில ஆணிக்கட்டைய அடிச்சு ஆடிட்டு, ஆடி முடிச்சதும் அதப் பிடுங்கிட்டு மறுபடி கிளாசுக்குப் போயிருக்காங்க. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கும் அதே ஷூதான் போயிருக்கும்னு நெனைக்கிறேன். ஹெல்மெட்டெல்லாம் அப்ப வழக்கத்துலயே இல்ல, பணக்காரக் காலேஜ்காரனும் வெறும் தலையோடதான் முட்டினான்.

ஆட்டம் எப்படி இருந்துச்சு

1892 விதிகள கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டாத்தான் பனி பண்ண வேலை புரியும்.

பாதிக்கு 45 நிமிஷம், ரெண்டு பாதி, மொத்தம் 90. பந்த முன்னாடி எறியிறது, இன்னைக்கு அந்த ஆட்டத்துக்கே உயிரா இருக்கிற ஃபார்வர்ட் பாஸ், அப்ப தப்பு, 1906லதான் அனுமதிச்சாங்க. அதனால எல்லாம் கும்பலா சேந்து தள்ளிக்கிட்டுப் போறதுதான். இன்னைக்கு நாலு முயற்சில 10 கஜம் போகணும், அன்னைக்கு மூணு முயற்சில 5 கஜம். இந்த 5 கஜத்த அளக்கத்தான் மைதானம் முழுக்க குறுக்குக் கோடு போட்டாங்க, பாக்குறதுக்கு அடுப்புல வைக்கிற கம்பி வலை மாதிரி இருந்ததாலதான் மைதானத்துக்கு கிரிடயர்ன்னு பேரே வந்துச்சு. மாத்து ஆளு சமாச்சாரமும் கண்டிப்பு, வெளிய போனவன் திரும்ப வர முடியாது, பெரும்பாலும் அதே பதினோரு பேரு கடைசி வரைக்கும்.

இப்ப யோசிங்க. ஆட்டத்தோட அடிப்படையே அளவு. எத்தன கஜம் போனான், கோட்டுக்கு உள்ளயா வெளியயா. பனி வந்து மூடினா பக்கவாட்டுக் கோடு மட்டும் இல்ல, குறுக்கு கோடும் போச்சு. மூணு முயற்சில 5 கஜம் போனானா இல்லையான்னு எத வச்சு சொன்னாங்க? ரெஃப்ரீயோட கண்ணு, அவரு நடந்து அளந்த அடி, ரெண்டு கேப்டனோட வாய். டிரென்ட்டோட டச்டவுன்தான் கதைல நின்னுருச்சு, ஆனா அன்னைக்கு 90 நிமிஷத்துல இதே மாதிரி குட்டி குட்டிப் பஞ்சாயத்து எத்தன நடந்திருக்கும், யாரு எழுதி வச்சா.

பிடில் முதல் பாதிலயே ஸ்கோர் பண்ணிருச்சு. அதுக்கப்புறம் லிவிங்ஸ்டனுக்கு வந்த வாய்ப்புதான் அந்த ஃபம்பிள், அதாவது பிடில் கைல இருந்து பந்து நழுவினது.

தீர்ப்பு

தீர்ப்பு சொன்னவரு மர்ஃபின்னு ஒருத்தர், சாப்பல் ஹில்ல இருக்கிற நார்த் கரோலினா யுனிவர்சிட்டில சட்டம் படிச்சவரு. வெள்ளைக்காரர். அது தனியா சொல்லவே தேவையில்ல, ஏன்னா அந்த சட்டக் கல்லூரில கறுப்பின மாணவர்கள் முதன்முதலா நுழைஞ்சது 1951ல, அதுவும் கோர்ட்டுக்குப் போய் ஜெயிச்சு.

இந்த எடத்துல ஒரு கதை கட்டுறது ஈசி. வெள்ளைக்கார ரெஃப்ரீ, கறுப்பின டீமுக்கு அநியாயம் பண்ணிட்டாருன்னு. ஆனா ரெண்டு டீமுமே கறுப்பினம், அவரு ஒரு பக்கம் சாய்றதுக்கு வெளிப்படையா ஒரு காரணமும் இல்ல. என் கணிப்பு ரொம்ப சாதாரணமானது: விதி நல்லாத் தெரிஞ்ச, ரெண்டு காலேஜுக்கும் சொந்தம் இல்லாத ஒரு ஆளு வேணும், அந்த மாநிலத்துல அப்ப ஃபுட்பால் விதி தெரிஞ்ச ஆளுங்களே கை விட்டு எண்ணிடலாம், பெரும்பாலும் யுனிவர்சிட்டிப் பசங்க. அதனால அவரு வந்தாரு. கோடு தெரியாத எடத்துல ஸ்கோரக் குடுக்குறத விட குடுக்காம விடுறது ரெஃப்ரீக்கு பாதுகாப்பு, அதையே செஞ்சாரு.

ஆனா அந்த 1892ங்கிற வருஷத்த மறந்துட்டுப் பாக்கக் கூடாது. அமெரிக்க தெற்குல கும்பல் கொலை உச்சத்துல இருந்த வருஷம் அது, டஸ்கீகி இன்ஸ்டிடியூட் வச்சிருந்த கணக்குல 161 கறுப்பின மக்களைக் கும்பல் அடிச்சுக் கொன்ன வருஷம். மார்ச் மாசம் மெம்ஃபிஸ்ல மளிகைக் கடை வச்சிருந்த தாமஸ் மாஸையும் அவரு கூட இருந்த ரெண்டு பேரையும் கொன்னாங்க, அதுக்கப்புறம்தான் ஐடா பி. வெல்ஸ்ங்கிற கறுப்பினப் பத்திரிகையாளர் தன் பத்திரிகைல கும்பல் கொலைய எதிர்த்து எழுத ஆரம்பிச்சு, பத்திரிகை ஆபீஸையே அடிச்சு நொறுக்கிட்டாங்க. அதே வருஷக் கடைசில, இருபத்திரெண்டு கறுப்பினப் பசங்க ஒரு வெள்ளைக்கார ரெஃப்ரீய நடுவுல நிக்க வச்சு, கோட்டுக்கு உள்ள வெளியன்னு கத்தி வாதாடுறாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல, தீர்ப்ப ஏத்துக்கிட்டு வீட்டுக்குப் போனாங்க. அந்த காலத்துல, அந்த ஊர்ல, இது எவ்வளவு அபூர்வம்னு நான் பல தடவ யோசிச்சிருக்கேன். அதே சாலிஸ்பரில 1906 ஆகஸ்ட்ல ஜெயில உடைச்சு மூணு கறுப்பின ஆட்கள இழுத்துட்டுப் போய் கும்பல் தூக்குல போட்டுச்சு.

அந்த 5

இப்ப கணக்குக்கு வருவோம், எனக்கு சந்தேகம் வந்ததே இங்கதான்.

எல்லா எடத்துலயும் 5-0ன்னு இருக்கும், அங்கங்க 4-0ன்னும் பாக்கலாம். சும்மா அச்சுப் பிழைன்னு விட்டுறலாம்னு தோணும், ஆனா 1892 விதிய எடுத்துப் பாத்தா வேற ஒரு விஷயம் தெரியுது. அப்ப டச்டவுனுக்கு 4 பாயிண்ட். டச்டவுன் போட்ட அப்புறம் உதைச்சு கம்பத்துக்கு நடுவுல அனுப்பினா கூடுதலா 2. ஆட்ட நடுவுல உதைச்சு ஃபீல்ட் கோல் போட்டா 5. சந்தேகம் இருந்தா அதே வருஷம் நவம்பர் 19ல நடந்த யேல் – ஹார்வர்ட் மேட்ச பாருங்க, யேல் 6-0ன்னு ஜெயிச்சாங்க, ஒரு டச்டவுன் 4, உதை 2.

அப்ப ஒரே ஒரு டச்டவுன் போட்டா 4 வரும், இல்ல 6 வரும். 5 வரவே வராது. 5 வரணும்னா பிடில் போட்டது ஃபீல்ட் கோலா இருக்கணும். இல்லன்னா உண்மையான ஸ்கோர் 4-0, பின்னாடி யாரோ 5ன்னு எழுதிட்டாங்க. ஏன் அப்படி எழுதணும்? 1898ல டச்டவுன 5 பாயிண்ட்டா மாத்தினாங்க, 1912ல 6 ஆச்சு. நடுவுல பதினாலு சீசன், டச்டவுன்னா 5ன்னு மனசுல பதிஞ்ச ஒரு தலைமுறை இருந்துச்சு. அவங்க ஒருத்தர் உக்காந்து, அன்னைக்கு அவங்க ஒரு டச்டவுன் போட்டாங்கன்னு ஞாபகம் பண்ணினா, கை தானா 5ன்னு தான் எழுதும். என் கட்சி 4-0தான். ஆனா பந்தயம் எல்லாம் கட்ட மாட்டேன்.

இத வெறும் எண் விளையாட்டுன்னு நெனைக்காதீங்க. டிரென்ட்டோட டச்டவுன் செல்லும்னு மர்ஃபி சொல்லி இருந்தா என்ன ஆயிருக்கும்? 4-4 சமன். உதை உள்ள போனா 6-4, லிவிங்ஸ்டன் ஜெயிச்சிருக்கும். பிடில் போட்டது ஃபீல்ட் கோல்தான்னு வச்சுக்கிட்டாலும் 6-5, அப்பவும் லிவிங்ஸ்டன்தான். எந்தக் கணக்குப் போட்டாலும் அந்த ஒரு உதைல மேட்சே திரும்பி இருக்கும்.

அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. இன்னைக்கு மாதிரி நடு மைதானத்துல பந்த வச்சு உதைக்க முடியாது, டச்டவுன் எந்த எடத்துல விழுந்துச்சோ அதுக்கு நேரா பின்னால வந்துதான் உதைக்கணும். பக்கவாட்டுக் கோட்டு ஓரமாவே ஓடி ஓரத்துலயே போட்டிருந்தா உதைக்கிற கோணம் ரொம்பக் குறுகல், அதுவும் பனில ஊறின பந்து, அடில ஆணிக்கட்டை அடிச்ச தெருஷூ. போயிருக்காதுன்னுதான் எனக்குப் படுது. சமன்ல முடிஞ்சிருக்கும். வரலாற்றோட முதல் மேட்ச் 4-4.

கதைய சொன்னது யாரு

இந்த மேட்ச் பத்தி நமக்குத் தெரிஞ்ச நல்ல நல்ல விவரம், பந்துக்கு காசு போட்டது, டக் துணி, தையல் பொண்ணுங்க, ஷூ, டெல்டா குரோவ், எல்லாத்தையும் வரிசையா வச்சுப் பாருங்க. பெரும்பாலும் லிவிங்ஸ்டன் பக்கத்து விவரம். 1930ல லிவிங்ஸ்டன் காலேஜ் வெளியீட்டுல வந்த நினைவுக் கட்டுரை ஒண்ணு இதுக்கெல்லாம் முக்கியமான ஊத்து. அதாவது மேட்ச் முடிஞ்சு 38 வருஷம் கழிச்சு.

1930ல லிவிங்ஸ்டனோட தலைவர் யாரு தெரியுமா? அதே டபிள்யூ.ஜே. டிரென்ட். பந்த அள்ளிக்கிட்டு ஓடுன பையன். 1898ல படிப்ப முடிச்சு, ஒய்எம்சிஏ வேலைல ஆஷ்வில், அட்லாண்டான்னு சுத்திட்டு, 1925ல திரும்ப வந்து காலேஜ் தலைவரா உக்காந்து 1957 வரைக்கும் 32 வருஷம் இருந்தாரு. (அவரு பையன் டபிள்யூ.ஜே. டிரென்ட் ஜூனியர் 1944ல ஆரம்பிச்ச யுனைட்டட் நீக்ரோ காலேஜ் ஃபண்டுக்கு முதல் நிர்வாக இயக்குநர், கறுப்பினக் காலேஜுகளுக்கெல்லாம் சேத்து காசு திரட்டின அமைப்பு. அப்பா பந்துக்கு ஆளுக்குக் கொஞ்சம்னு வசூல் பண்ணாரு, பையன் நாடு முழுக்க வசூல் பண்ணாரு.)

ஜெயிச்சவன்தான் வரலாறு எழுதுவான்னு சொல்லிக்கிட்டே இருப்போம்ல, இங்க பாருங்க, தோத்தவங்க எழுதி இருக்காங்க. ஜெயிச்ச பிடில் பக்கத்துல இருந்து வர்றது ரெண்டு வருஷ பயிற்சி, சவால் விட்டது, அப்புறம் ஸ்கோர், கிட்டத்தட்ட அவ்ளோதான். பிடில் ஸ்கோர் எப்படிப் போட்டாங்க, யாரு ஓடினா, அதப் பத்தி கதைல ஒரு வரி. செல்லாமப் போன டச்டவுனப் பத்தி மட்டும் யாரு எடுத்தான், எங்க எடுத்தான், என்ன வாதம், என்ன தீர்ப்புன்னு அம்புட்டு விலாவாரியா இருக்கு. ஜெயிச்சவன் ஜெயிச்சதும் மறந்துட்டுப் போயிடுவான், கோட்டுக்கு உள்ளதான் எடுத்தேன்னு சொல்றவனுக்குத்தான் தூக்கம் வராது. டிரென்ட் அத எத்தன தடவ சொல்லி இருப்பாருன்னு நெனச்சா சிரிப்பு வருது, ஆனா அந்த ஆத்தாமை இல்லன்னா இந்த மேட்சே நமக்குக் கிடைச்சிருக்காதுன்னு நான் அடிச்சுச் சொல்வேன்.

அதனாலயே அவரு பக்கக் கதைய அப்படியே முழுங்கவும் கூடாது. பந்த கோட்டுக்கு உள்ளதான் எடுத்தாருன்னு நம்ப நமக்கு ஆசையா இருக்கு, ஏன்னா கதை அவரோட பக்கத்துல நின்னு சொல்றது. பிடில் பையன் ஒருத்தன் அத்தன வருஷம் கழிச்சு அதே அளவு ஆர்வமா எழுதி இருந்தா நாம என்ன நம்பி இருப்போமோ.

அந்த சமயத்துல மத்த எடங்கள்ல

வேகமாச் சொல்லிடுறேன். மேல சொன்ன யேல் மேட்ச்ல ஹார்வர்டுக்கு சென்டரா ஆடினது வில்லியம் ஹென்றி லூயிஸ்னு ஒரு கறுப்பினர், ஹார்வர்ட்ல சட்டம் படிச்சுக்கிட்டு இருந்தவரு. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் நாட்டிலேயே சிறந்த பதினோரு பேர்ல ஒருத்தரா தேர்வானாரு, அந்தப் பெருமை கிடைச்ச முதல் கறுப்பினர் அவருதான், அப்புறம் 1896ல ஃபுட்பால் ஆடுறது எப்படின்னு புத்தகமே போட்டாரு. சாலிஸ்பரில பனில உருண்டதுக்கு 38 நாள் முன்னாடி அவரு அந்த மேட்ச்ல நின்னாரு. ரெண்டும் ஒரே ஆட்டம், ஒரே சீசன், ஆனா அங்க ஆயிரக்கணக்குல ஜனம், இங்க ஒரு பந்து.

அடுத்த சில வருஷத்துல வாஷிங்டன்ல ஹவர்ட், பென்சில்வேனியால லிங்கன், அலபாமால டஸ்கீகி, அட்லாண்டா யுனிவர்சிட்டின்னு டீம் முளைச்சிருச்சு. கூடவே புதுத் தலைவலியும் வந்துச்சு. யாரு மாணவன், யாரு இல்லங்கிறதுக்கு பொது விதியே கிடையாது, இந்த வருஷம் இங்க ஆடினவன் அடுத்த வருஷம் அங்க நிப்பான், அட்டவணை, ரெஃப்ரீ எல்லாமே கடுதாசி போட்டு பேசி முடிக்கிறதுதான். இத ஒழுங்கு பண்ணத்தான் 1912ல ஹாம்ப்டன்ல கூடி, ஹாம்ப்டன், ஹவர்ட், லிங்கன், ஷா, வர்ஜீனியா யூனியன் அஞ்சும் சேந்து சிஐஏஏங்கிற சங்கத்த ஆரம்பிச்சாங்க, அமெரிக்காவுல கறுப்பினக் காலேஜ் விளையாட்டுக்கு அதுதான் முதல் சங்கம். அடுத்த வருஷமே தெற்குப் பக்கம் எஸ்ஐஏசி, 1920ல டெக்சாஸ் பக்கம் எஸ்டபிள்யூஏசி. 1892 மேட்சுக்கும் இந்த சங்கத்துக்கும் நடுவுல இருபது வருஷம், அந்த இருபது வருஷமும் பசங்க கைக்காசுலயும் வாத்தியாருங்க பொறுமைலயும்தான் ஓடியிருக்கு.

பிரைஸ் இத எல்லாம் பாக்கல. மேட்ச் நடந்து பத்து மாசத்துல, 1893 அக்டோபர்ல, 39 வயசுல இறந்துட்டாரு. அந்த டெல்டா குரோவ்ல ஆடின பசங்களும் ஓட்டுப் போடுற வயசுல நிம்மதியா போடல, 1900ல மாநில அரசியல் சட்டத்த திருத்தி, எழுதப் படிக்கத் தெரியுமான்னு சோதனை வச்சு கறுப்பின ஓட்டக் கிட்டத்தட்ட மொத்தமா வழிச்சு எடுத்துட்டாங்க.

ரெண்டு காலேஜும் இன்னைக்கும் அதே சிஐஏஏல இருக்கு, ஜான்சன் சி. ஸ்மித் கோல்டன் புல்ஸ், லிவிங்ஸ்டன் புளூ பேர்ஸ். ரெண்டு பேரும் மோதுற மேட்சுக்குப் பேரே கமெமரேட்டிவ் கிளாசிக், 1892 ஞாபகார்த்தமா. எனக்கு ஒரு வேடிக்கை என்னன்னா, இந்த ரெண்டு சின்னக் காலேஜும் என்எஃப்எல்லுன்னு சொல்ற அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பால் லீக்குக்கு குடுத்த பெரிய பேரு ரெண்டுமே ஒரே பொசிஷன். ஸ்மித்ல இருந்து 1962ல டல்லாஸ் கௌபாய்ஸ்க்குப் போன பெட்டிஸ் நார்மன், லிவிங்ஸ்டன்ல இருந்து 1991ல நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் எடுத்த பென் கோட்ஸ், ரெண்டு பேருமே டைட் எண்ட். பந்த கைல வாங்கிக்கிட்டு முட்டி மோதி ஓடுறது அவங்க வேலை. 1994ல கோட்ஸ் ஒரே சீசன்ல 96 பந்து பிடிச்சாரு, அப்ப டைட் எண்ட்ல அதுதான் சாதனை. அந்த 96ல ஒவ்வொண்ணுக்கும் கோட்டுக்கு உள்ளயா வெளியயான்னு பாக்க கேமரா இருந்துச்சு, பனி பெஞ்சா கோட்ட சுரண்டி விட ஆளும் இருந்துச்சு.

டெல்டா குரோவ்ல அன்னைக்கு ஒரு விளக்குமாறு இருந்திருக்கலாம்.